வெட்டாமல் விட்ட வரி

ஜெசிந்தாவின் வேலை பறிபோனதற்குக் காரணம் நான்தான். சபாபதி அல்ல. அந்தப் பழியைச் சபாபதியின் தலையில் கட்டியதும் நான்தான்!

இதை இத்தனை வருடங்களில் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்கள் நாளைக் காலை என் முகத்தில் விழிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பெயரை மாற்றிவிட்டால் போதுமா என்று கேட்காதீர்கள்... என் பாவமே அதில்தான் இருக்கிறது.

நான் கடலூரில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கணினி. கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று பகல் முழுதும் அடுத்தவர் சொத்துக்கு எல்லை எழுதுகிறேன். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறேன். மூன்று நாவல்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் எல்லோரையும் ஒரே மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். எல்லாருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

சபாபதிக்குச் சிதம்பரம் கீழ வீதியில் ஜெராக்ஸ் கடை. மாணவர்களின் ப்ராஜெக்ட், கல்யாணப் பத்திரிகை இவற்றுக்கு நடுவே ஒரு சிற்றிதழையும் நடத்திவந்தார். அவர் கடை ஸ்டூலில் உட்காராமல் எங்கள் வட்டாரத்தில் யாரும் எழுத்தாளர் ஆனதில்லை. சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி, இடது காது மடலை இழுத்துக்கொண்டே, நின்றவாறு படிப்பார். ஈவு இரக்கமில்லாமல் வெட்டுவார். ஆனால் ஒரு சொல்லைக்கூடத் தாமாகச் சேர்க்கமாட்டார்.

"வெட்டறது என் வேல. சேக்கறது ஒன் வேல" என்பார். அந்தக் கடையில் கதை கொடுத்த அத்தனை பேருக்கும் இது தெரியும்.

ஜெசிந்தாவை எழுத்தாளர் ஆக்கியவர் அவர்தான். கடலூரின் உப்பனாற்றை வைத்து 'உப்பனாறன்' என்ற பெயரில் தபாலில் கதைகள் வந்துகொண்டிருந்தன. யாரோ ஓய்வுபெற்ற தாசில்தார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒல்லியாய் ஒரு பெண் கடைக்கு வந்து, "நாந்தான் சார் உப்பனாறன்" என்றாள். சபாபதி சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

அவள் கடலூருக்குத் தெற்கே ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை பார்த்தாள். கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். படுத்த படுக்கையாய் அம்மா, பள்ளிக்கூடம் போகும் மகள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. கதைகளோ, எல்லாம் ஆலைக் கதைகள்! வாசனை தெரியாமல் போன ஒரு தொழிலாளி, தன் குழந்தையின் தலையை முகர்ந்து முகர்ந்து பார்க்கிற கதை எனக்கு இப்போதும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. எழுதுவது அவள்தான் என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதனால்தான் அந்தப் புனைபெயர். உண்மை தெரிந்தவர்கள் சபாபதியும் நானும் மட்டும்.

எங்கள் பக்கத்து எழுத்தாளர்கள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் சபாபதி. 'எழுதிப் பிழைக்காதவர்கள்' என்று நானே தலைப்பு வைத்தேன். பண்ருட்டி மண்டியில் பலாப்பழ லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் செல்போனில் நாவலைச் சொல்லிச் சொல்லியே பதிகிறவர். வளைகுடாவில் வண்டி ஓட்டித் திரும்பி, லால்பேட்டையில் செல்போன் பழுதுபார்த்துக்கொண்டு கவிதை எழுதுகிறவர். துப்பறியும் கதை எழுதும் ஒரு நர்ஸ்... கடைசியில் உப்பனாறன்.

ஜெசிந்தாவிடம் முதலிலேயே கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்கண்ணா. ஆனா அது நான்தான்னு யாருக்கும் தெரியக் கூடாது. பாப்பாவ நெனச்சிக்குங்க."

"ஒம் பேரு வராதும்மா" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் பாருங்கள்... பெயர் வரவில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் சொன்ன விஷயம் ஒன்று இருந்தது. ஆய்வுக்கூடத்தில் தலையில் தொப்பி போட வேண்டும். பூ வைக்கக் கூடாது. அவளுக்கோ பூ இல்லாமல் முடியாது. "கனகாம்பரத்த கோட்டுப் பாக்கெட்லயே வெச்சிருப்பேண்ணா. ஷிப்ட் முடிஞ்சி கேட்டத் தாண்டுனதும் எடுத்துத் தலைல வெச்சிக்குவேன். பாதி வாடிப்போயிருக்கும். செக்யூரிட்டியெல்லாம் கிண்டல் பண்ணுவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

எழுதுகிறவன் காதில் விழுகிற விஷயமா அது! கட்டுரையின் கடைசி வரியாக அதை எழுதினேன். எழுதும்போதே உடம்பு சிலிர்த்தது. உடனே அழித்துவிட்டேன். ஆம், அழித்தேன்! ஏனென்றால் எனக்குத் தெரியும். சர்வே எண் விட்டுப்போனாலும் கிழக்கே யார், மேற்கே யார், வடக்கே எது, தெற்கே எது என்று நான்கு எல்லையைச் சொல்லிவிட்டால் நிலம் எதுவென்று ஊரே கை காட்டும். பத்திரம் எழுதிச் சோறு தின்கிறவனுக்கு இது தெரியாதா? அந்த ஆலை வாசலில் வாடிய கனகாம்பரத்தைத் தலையில் வைக்கிற பெண் ஒருத்திதான்.

அழித்தபின் கட்டுரையைப் படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. உப்பில்லாத குழம்பு. மறுபடி படித்தேன்...

மறுபடி அந்த வரியைச் சேர்த்தேன்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மறதியும் இல்லை, அவசரமும் இல்லை. அந்த வரி நன்றாக இருந்தது; அவ்வளவுதான். ஒரு பெண்ணின் சோற்றையும் ஒரு நல்ல வரியையும் என் முன்னால் வைத்தார்கள். நான் வரியை எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற நீங்களும் எழுதுகிறவராக இருந்தால், கொஞ்சம் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். எழுதாதவராக இருந்தால், எங்களிடம் எதையும் சொல்லாதீர்கள்.

சபாபதி போன் செய்தார். "யோவ், அந்தப் பூ விஷயம் இருக்கட்டுமா? பொண்ணுகிட்டக் கேட்டியா?"

"கேட்டுட்டேன். சரின்னுடுச்சி" என்றேன். நா கூசவில்லை.

இதழ் வந்தது. பண்ருட்டிக்காரர் கூப்பிட்டு, "மச்சான், அந்தக் கடைசி வரி... பின்னிட்டே போ!" என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் ஜெசிந்தா என் மேசைக்கு வந்தாள். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஆலை ஊழியர்களின் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் கூப்பிட்டு, அவள் கதைகளையெல்லாம் மேசைமேல் பரப்பி, 'இந்தச் சூப்பர்வைசர் யாரு? இது எந்த ஷிப்ட்?' என்று கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அந்தப் பூவ நீங்களா எழுதினீங்க?"

எதிரே கிரயப் பத்திரத்துக்கு வந்த குடும்பம் ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்...

"நான் அத அழிச்சிட்டேம்மா. சபாபதிகிட்டப் பேச்சுக்குச் சொல்லியிருந்தேன். அவருதான் சேத்திருக்கணும்."

"அவரு வெட்டத்தானேண்ணா செய்வாரு?"

"பத்திரிகை விக்கணும்ல" என்றேன்.

பத்திரிகை விற்க வேண்டுமாம்! பழைய இதழ்களைச் சும்மா எடுத்துப்போகச் சொல்லி மாணவர்களிடம் கெஞ்சுகிற மனிதரைப் பற்றி இதைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நம்பினாள். அண்ணன் சொன்னால் நம்ப வேண்டியதுதானே.

அடுத்த வாரம் சபாபதி பஸ் ஏறிக் கடலூர் வந்தார். என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொண்ணு கடைக்கு வந்திச்சி. 'ஏன் சார் இப்புடி பண்ணீங்க'ன்னு கேட்டுச்சி. நான் ஒண்ணும் சொல்லல."

"ஏன்... ஏன் சொல்லல?"

"வேல போச்சி. ஒன்ன அண்ணன்னு சொல்லிக்கினு இருக்குது. அண்ணனும் போயிட்டா அது என்னாய்யா பண்ணும்? எனக்கு என்னா, நான் கடக்காரன்." டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எப்பவாவது நீயே சொல்லிடு" என்றார்.

சொல்லவில்லை. அவளுடைய கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவர அவர் வடிவமைத்து வைத்திருந்தார். அவள் அதை வேண்டாம் என்று திரும்ப வாங்கிவிட்டாள். அதன்பின் அந்த இதழ் வரவேயில்லை. கேட்டதற்கு, கண் சரியில்லை, நிறுத்திவிட்டேன் என்றார் சபாபதி. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜெசிந்தா பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போனாள். எழுதுவதை விட்டுவிட்டாள். நான்? நான் நல்ல அண்ணன் ஆனேன்! அவள் மகளை வேறு பள்ளியில் சேர்க்க அலைந்தேன். அவள் அம்மா இறந்தபோது முன்னால் நின்று எல்லாம் செய்தேன். அவள் ஒவ்வொரு முறையும், "நீங்க மட்டும் இல்லன்னா என்னா ஆயிருப்பேன்" என்பாள். அந்த வார்த்தை என்னை என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வருடம் கடலூர் பேருந்து நிலையத்தில் என் கையில் ஒரு கதையைக் கொடுத்தாள். "ரொம்ப நாளைக்கி அப்பறம் எழுதியிருக்கேன். மொதல்ல நீங்கதான் படிக்கணும்." பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தேன். ஒரு சிறு ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பத்திரிகை நடத்துகிறவன், ஒரு வரிக்காக ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்கிறான். காதை இழுப்பது, நின்று படிப்பது, சிவப்புப் பேனா, ஸ்டூல்... எல்லாம் இருந்தன. பெயர் மட்டும் வேறு.

எவ்வளவு நல்ல கதை தெரியுமா! கடவுளே, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கை திரும்ப வந்துவிட்டது அவளுக்கு! அதன்பிறகுதான், அந்தக் கடைக்காரனின் இடத்தில் இருந்திருக்க வேண்டியவன் நான் என்பது உறைத்தது.

"அவரு பேரு போடலியே... தப்பில்லதானேண்ணா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கதை செத்துவிடும், அவள் எழுதுவதும் செத்துவிடும் என்று நினைத்தேன். இல்லை... சொன்னால் அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். இதில் எது உண்மை? நான் எதைச் சொன்னாலும் நீங்கள் நம்ப வேண்டாம்.

"தப்பில்லம்மா. ஒரு வார்த்தகூட மாத்தாத" என்றேன்.

கதை சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்தது. பலர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். சிதம்பரத்தில் அது யாரென்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. "சபாபதியாய்யா இப்படி? ஆளப் பாத்தா தெரியல" என்று என்னிடமே கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

சபாபதி கூப்பிட்டார்.

"படிச்சேன்யா. கடேசி பாராவுல ரெண்டு வரி ஜாஸ்தி. மத்தபடி தங்கம்."

"அண்ணே, இன்னிக்கே போயி எல்லாத்தையும் சொல்லிடறேன்..." என்றேன்.

"இத்தினி வருசம் சொல்லல, இப்பவா? இப்பத்தான் எழுதவே ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போயி அந்தக் கதையே பொய்யின்னு சொல்லுவியா? மறுபடி பேனாவத் தொடுமா அது?" போனை வைக்கும் முன் சொன்னார்: "உட்று. நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே ஜெசிந்தாவும் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவரு படிச்சிருப்பாரா?"

"ஏம்மா?"

"படிச்சிருந்தா மனசு கஷ்டப்பட்டிருப்பாரு. எனக்கு எழுதக் கத்துக் குடுத்ததே அவருதானண்ணா. நல்ல மனுசன்... அந்த ஒண்ணத் தவிர."

"அவரு இப்பல்லாம் எதையும் படிக்கறதில்லம்மா" என்றேன்.

"அப்பாடா" என்றாள். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்த கதையும் முடிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். இனிமேல் எதை எழுதினாலும் முதலில் என்னிடம்தான் காட்டப்போகிறாளாம். நம்பிக் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள் என்றாள்.