பட்டியலில் இல்லாத தண்ணீர்

இங்கே சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் சாப்பாட்டுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் செய்த மீன், பிளாஸ்டிக் சோறு, சூப்பின் மேல் மிதக்கும் வெங்காயத்தாள்கூட பிளாஸ்டிக். மொழி தெரியாதவர்கள் விரலால் காட்டினால் போதும், அதே தட்டு அதே அளவில் மேசைக்கு வந்துவிடும். வந்த புதிதில் அவற்றையெல்லாம் ஃபோட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பெட்டிகளின் முன் நிற்கும்போது என் கை தானாகத் தோள்பைக்குள் போய் ஊசிப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் கண் பதார்த்தங்களைப் பார்க்கிறது. சிலையைப் பார்த்து, உள்ளே என்ன மாவு என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் இடுக்கியில் சக்குபள்ளத்துக்காரி. அப்பா ஜீப் ஓட்டுகிறார். விடிகாலையில் கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வருகிறவர்களை ஏற்றி வந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அம்மாவுக்கு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை. இன்ஸ்ட்ருமென்டேஷனில் டிப்ளமோ முடித்து, ஒரு வருடம் மொழிப் பயிற்சிக்குப் போய், ஜப்பானில் மாட்சுமோட்டோ என்கிற மலைநகரத்துக்கு வந்தேன். அழுத்தம் அளக்கும் கருவிகள் செய்கிற கம்பெனியில் காலிபரேஷன் பார்க்கிறேன். கருவி சொல்கிற எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து எழுதுவதே என் வேலை. அதே கம்பெனியில், அதே விடுதியில், அடுத்த அறையில் கவிதா அக்கா இருக்கிறாள். கேரளத்துச் சித்தூர் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். அவள் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ், நான் பேசுவது தேனித் தமிழ். இருவர் சர்டிபிகேட்டிலும் கேரளம். இங்குள்ளவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர்.

வந்த முதல் மாதம் பிரிவுத் தலைவர் எங்களை விருந்துக்கு அழைத்துப்போனார். இந்த மலைப்பகுதி சொபாவுக்குப் பேர்போனது. பக்வீட் என்று ஆங்கிலத்தில் சொல்கிற தானியம்; கோதுமைக்கும் அதற்கும் உறவு இல்லை. அதன் மாவில் இழுத்த சாம்பல் நிற நூடுல்ஸை மூங்கில் தட்டில் குளிரக் குளிரக் கொண்டுவந்து வைத்தார்கள். நான்கு வாய் சாப்பிட்டேன். உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. க்ளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி இந்தத் தானியம் என் உடம்புக்குள் போனால் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளலாம் என்று மிக மென்மையான குரலில் சொன்னார். அப்படி ஆனால் உடனே தொடையில் குத்திக்கொள்ள மருந்து நிறைத்த ஊசிப் பேனாவை எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் யாரும் விதைக்காத, யாரும் சமைக்காத ஒரு தானியத்துக்கு என் உடம்பு பிறந்ததிலிருந்து பயந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அது தெரிய பத்து மணி நேரம் விமானத்தில் வர வேண்டியிருந்தது.

"வெளிய தின்னாம இருக்க முடியாதா?" என்று கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். விடுதியில் இருப்பது ஒற்றை அடுப்பு, பன்னிரண்டு பேர். அதைவிட, எனக்கு வெளியே சாப்பிடப் பிடிக்கும். அதனால் பட்டியல் போட்டேன். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: மாவில் சொபா உண்டா, குழம்பில் உண்டா, எண்ணெய் பொதுவா, வேகவைக்கும் பானை பொதுவா. கவிதா அக்கா அதை ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அட்டையை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"ஏம்புள்ள, நீ சோறு திங்கப் போறியா, ரெய்டுக்குப் போறியா?" என்பாள் கவிதா அக்கா.

ஆனால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு இந்த நகரத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். இங்கே வரப்போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். இரவுக்கு விலை அதிகமான அதே கடையில் மதியம் 'தெய்ஷோக்கு' என்று ஒரு சாப்பாடு பாதி விலைக்குக் கிடைக்கும்: சோறு, புளிக்கவைத்த சோயாச் சூப்பு, சுட்ட மீன், ஊறுகாய். பல இடங்களில் சோறு மறுபடி கேட்டால் காசு இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் சமைத்த உணவின்மேல் விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒயாக்கி என்று ஒன்று உண்டு. நம் கொழுக்கட்டையைத் தட்டி, உள்ளே கீரையோ பூசணியோ வைத்துச் சுட்டது போல இருக்கும். சில கடைகளில் அந்த மாவில் சொபா கலப்பார்கள், எனவே எனக்கு இரண்டே கடைகள். அந்த இரண்டு கடைகளிலும் நின்றபடி, நாக்கு சுட, முதல் வாயை மென்றுவிட்டு இருபது வரை எண்ணுவேன். ஒன்றும் ஆகாவிட்டால் இரண்டாவது வாய்.

எண்ணாமல் சாப்பிட்ட ஒரே இடம் ஒக்காமியின் கடை. ஒக்காமி என்றால் கடைக்காரம்மா. விடுதிக்குப் பின்னால் ஆற்றோரத் தெருவில் நான்கு மேசை. மீன் சாப்பாடு மட்டும். அட்டையைப் பார்த்த முதல் நாள் அந்த அம்மா அதை இரண்டு முறை படித்தார், சமையலறைக்குள் போய் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து வந்து பின்பக்கம் எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு எட்டு மாதம், வாரம் மூன்று நாள். கூட்டமாக இருந்தால் யார் மேசையிலாவது உட்கார வைப்பார். குமுளி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் சாப்பிடும் ஹோட்டலிலும் அப்படித்தான், எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் இடம் இருந்தால் உட்கார்ந்துவிடுவோம். அங்கே சாப்பாடு வருவதற்கு முன்பே மேசையில் ஜக்கு இருக்கும். தண்ணீருக்கு அங்கே வெள்ளம் என்றுதான் பேர். உள்ளே இளஞ்சிவப்பாகப் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த வெள்ளமோ, மஞ்சளாகச் சீரக வெள்ளமோ, சில கடையில் கஞ்சித் தெளிவோ. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டு நான் ஒருவரையும் பார்த்ததில்லை. சூடாக இருந்தால் அது நல்ல தண்ணீர். வெளியூர் கிளம்பும்போது அம்மா சொல்லும் ஒரே புத்தி, "கண்ட தண்ணியக் குடிக்காதத்தா, சுடுவெள்ளமா வாங்கிக் குடி."

அக்டோபர் கடைசியில் ஒரு மதியம். நல்ல குளிர். கடைக்குள் கூட்டம், சுவரில் தூரிகையால் எழுதிய புதிய தாள் ஒன்று. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, பண்டிகை வாழ்த்து என்று நினைத்தேன். அப்போதுதான் எழுந்துபோன இரண்டு பேரின் மேசையில் உட்கார்ந்தேன். தட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். மூக்கு வைத்த சதுரமான சிவப்புக் கெண்டி ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கை விறைத்திருந்தது. தொட்டேன், சூடு. கோப்பையில் ஊற்றினேன், வடித்த கஞ்சி போல வெளுப்பாக விழுந்தது. வாசனையும் ஏறக்குறைய அதுதான். வீட்டு ஞாபகத்தில் முக்கால் கோப்பை குடித்தேன்.

புதுச் சொபா அறுவடையான அந்த மூன்று நான்கு வாரம் மட்டும் ஒக்காமி சொபாவும் போடுவாராம். சுவரில் இருந்த தாள் அதுதான். சொபா வெந்த தண்ணீரைக் கொட்டாமல், கெண்டியில் ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்குக் கடைசியில் குடிக்கத் தருவது இங்கே மரியாதை. என் நான்கு கேள்விகளில் தண்ணீர் இல்லை.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு காது சுட்டது. எச்சில் விழுங்கினால் இறங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் மனப்பாடம்: பேனா, மூடி, தொடையின் வெளிப்பக்கம், அழுத்திப் பிடி, எண்ணு. பேன்ட்டுக்கு மேலேயே குத்தினேன். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்கிற ஆறாவது வரியில் ஜப்பானிய மொழி முழுக்க என்னை விட்டுப் போய்விட்டது. "மூச்சு, மூச்சு" என்று தமிழில் சொன்னேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரி இல்லை, மூடிய டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. ஒக்காமி என்னைப் பார்த்தார், கெண்டியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் கடையே எழுந்து நின்றது. ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் படுக்க வைத்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கூரையில் இருந்த மரச்சட்டங்களை எண்ணினேன். பதினொன்றில் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து. செத்துப்போவேன் என்பதைவிட, செத்துப்போனதை அம்மாவுக்கு எந்த மொழியில் யார் சொல்வார்கள் என்பதே பெரிய பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கவிதா அக்கா வேலை உடையோடு ஓடி வந்தாள். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும்தான் அவளுக்கு வாய் வந்தது.

"ஏஞ்சாமி, மீனு முள்ளு குத்திச் செத்தவிங்க இருக்கறாங்க. தண்ணியக் குடிச்சுப்போட்டுச் சாகப் பாத்தவ நீ ஒருத்திதாம்புள்ள."

"சுடுவெள்ளம்தானக்கா. அம்மா சொல்லுச்சுல்ல."

சிரித்தாள். பிறகு அழுதாள். பிடித்த என் கையை விடவே இல்லை. எங்களுக்குள் அப்படித்தான். ஊரில் என்றால் பார்த்த பத்தாவது நிமிடம் எந்தத் தெரு, யார் வீடு என்று இரண்டு கேள்வியில் ஒருவரை ஒருவர் எடை போட்டு முடித்திருப்போம். இங்கே யாரும் கேட்காததால் நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒக்காமியைப் பார்க்கப் போனோம். என்னால் அவர் கடைக்குக் கெட்ட பெயர் வந்திருக்குமோ என்று எனக்குப் பயம். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே வந்தார். வருவதற்கு முன் உள்ளே ஏப்ரனைக் கழற்றி, முழங்கை வரை கழுவியதைப் பார்த்தேன். இடுப்பு வரை குனிந்து நீளமாக ஏதோ சொன்னார். மன்னித்துவிட்டார் என்று புரிந்துகொண்டு நானும் குனிந்து, சிரித்து, உள்ளே காலெடுத்து வைத்தேன். அவர் வழி விடவில்லை. இன்னும் ஒருமுறை குனிந்தார்.

"உள்ள வர வேண்டாங்கறாங்க புள்ள" என்றாள் கவிதா அக்கா.

"கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல. பயங்கறாங்க. மாவு பறக்குதாமா, ஆவில கூட இருக்குமாமா. சீசன் முடியற வரைக்கும் உன்னைய உள்ள விட மாட்டாங்களாமா."

ஊரில் எந்த ஹோட்டலிலும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணும் ஆவாது மோளே, தைரியமாச் சாப்பிடு" என்று கூட ஒரு கரண்டி வைப்பார்கள். அந்தப் பிரியத்தில் நான் செத்திருப்பேன். இந்த அம்மா எனக்காகப் பயப்படுகிறார். எனக்காகப் பயந்த கடைக்காரர் என் வாழ்க்கையில் இவர் ஒருவர்தான். இதையெல்லாம் எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒக்காமி கடைக்கு வெளியே இருந்த மர பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். கவிதா அக்கா தயங்கினாள். "நீங்க போங்கக்கா, புதுச் சொபா திங்கணும்னு நாலு மாசமாச் சொல்றீங்க" என்று நான்தான் தள்ளி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒக்காமி பக்கத்து வாசல் வழியாக வந்தார். கடை அடுப்பில் சமைக்கவில்லை, தன் வீட்டு அடுப்பில் புதுச் சட்டியில் சுட்டது என்று கையைக் காட்டிச் சொன்னார். மீனும் சோறும் காகிதப் பெட்டியில், தேநீர் காகிதக் கோப்பையில். கடைப் பாத்திரம் எதுவும் எனக்கு ஆகாது என்பதால் எல்லாம் தனி. பெஞ்சின் அந்த ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து குனிந்தார்.

காகிதக் கோப்பையைக் கையில் எடுத்தேன். அப்பா ஒரே ஒருமுறை, போடிமெட்டு இறக்கத்தில் ஜீப்பை ஓட்டிக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. இளவட்டமாக அடிவாரத்து ஊரில் இருந்தபோது அவருக்கு டீக்கடையில் தனி கிளாஸ். வெளியே குத்தவைத்துக் குடித்துவிட்டு, அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். "மேல ஏறி வந்த பெறவுதான்த்தா கடைக்குள்ள பெஞ்சில உக்காந்து குடிச்சேன்" என்றார். கவிதா அக்காவின் தோப்பில் வேலைக்கு வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சொபாவை எடுத்த கை பாதியில் நின்றிருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி, காகிதக் கோப்பை, பெஞ்சு. வெளியே வரட்டுமா என்று தலையை அசைத்தாள். வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டினேன். அவள் கையிலும் மாவு இருக்கும்.

ஃபோன் அடித்தது. அப்பா, வீடியோ கால். இங்கே மதியம் என்றால் அவருக்குக் காலைச் சவாரி முடிந்த நேரம்.

"எங்கத்தா இருக்க?"

"சாப்பாட்டுக் கடையிலப்பா."

"காமி பாப்போம், எப்புடி இருக்குன்னு."

எழுந்து கதவருகே போய், கேமராவைத் திருப்பிக் கண்ணாடியில் ஒட்ட வைத்தேன். மேசைகள், ஆவி, கோட்டைக் கழற்றாமல் சாப்பிடும் ஆபீஸ் ஆட்கள், நடுவில் கவிதா அக்கா. அவள் புரிந்துகொண்டு அப்பாவுக்குக் கையசைத்தாள்.

"அடேயப்பா, நல்லாருக்கே. எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் திங்கிறாகளா?"

"ஆமாப்பா."

யாரோ சாப்பிட்டு முடித்துக் கதவைத் திறந்தார்கள். வெள்ளையாக ஆவி என் முகத்துக்கு வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, அப்பாவுக்குப் படம் ஆடாமல் ஃபோனைப் பிடித்திருந்தேன்.