திரும்பி நின்ற அக்கா

எங்கள் கடையில் அவருக்கு முதுகக்கா என்று பெயர். வைத்தவன் நான்தான். செல்போன் வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்துப் பூட்டு எண் போடும் நேரம் வந்ததும், அக்கா சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுவிடுவார். "போட்டு முடிச்சிட்டு சொல்லுங்க" என்பார். மற்ற விற்பனைக்காரர்கள் பேருக்கு முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வதோடு சரி. அக்காவுக்கு முழு உடம்பும் திரும்ப வேண்டும். பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் "நீயே போட்டுக் குடும்மா" என்று கெஞ்சியபோதுகூட, வெளியே வண்டியில் காத்திருந்த அவர் மகளைப் போய்க் கூட்டிவந்தாரே தவிர, தான் தொடவில்லை.

நான் அதே கடையில் பின்பக்கம் உட்கார்ந்து உடைந்த போன்களைச் சரிசெய்கிறவன். கண்ணாடித் தடுப்பு வழியே நாள் முழுக்க அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஏன்க்கா இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க வீட்ல அப்பா எல்லா லெட்டரையும் பிரிச்சுப் படிப்பாரு. எனக்கு வந்தது, தங்கச்சிக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்கு வந்தது தப்பி எங்க வீட்டுக்கு வந்தா அதையும். ஒரு மனுஷனுக்குன்னு ஒரு மூலை வேணாமா?" என்றார்.

அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது அக்காதான். அந்த வீட்டில் அவளுக்கென்று பூட்டோடு ஒரு தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்து, இருந்த இரண்டு சாவியையும் அவளிடமே கொடுத்தவர். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கம்பெனியின் புது போன் வந்தபோது எங்களுக்கெல்லாம் பயிற்சி வைத்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் மேடையேறினார். "இந்தப் பூட்டை எங்களாலயே திறக்க முடியாது. அரசாங்கமே வந்து கேட்டாலும் முடியாது" என்றார். நான் கொட்டாவி விட்டேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதையே சொன்னார். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்லும் தாயைப் போலச் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தங்கை அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். அவளும் அந்த போனை வாங்க வந்தாள். எண் போடும் கட்டம் வந்ததும் அக்கா வழக்கம்போலத் திரும்பிக்கொண்டார்.

"என்னக்கா, எனக்குமா?" என்று சிரித்தாள்.

"உனக்குத்தான்டி முதல்ல."

பிறகு எல்லாருக்கும் செய்வதை அவளுக்கும் செய்தார். போனில் உள்ளதெல்லாம் ஒரு நகலாகத் தானே கம்பெனிக்குப் போய்ச் சேரும் வசதியை இயக்கிவிட்டார். போன் தொலைந்தாலும் படங்கள் தொலையாது. இதைச் செய்யாமல் யாரையும் அனுப்பக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஆனால் உத்தரவே இல்லாவிட்டாலும் அக்கா செய்திருப்பார். செத்துப்போன மனைவியின் குரல் போனோடு போய்விட்டது என்று கடையில் உட்கார்ந்து அழுத மனிதருக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர். திரையில் நீளமாக ஓடிய நிபந்தனைகளின் கீழே சம்மதம் என்று அழுத்தியதும் அக்காவின் விரல்தான்.

மழைக்காலத்தில் வார்டில் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில்களில் பூஞ்சை மிதந்தது. மருத்துவமனை மேலிடமோ விஷக்காய்ச்சல் என்று சாதித்தது. தங்கை பாட்டில்களைப் படமெடுத்து ஒரு பத்திரிகை நிருபருக்கு அனுப்பினாள். செய்தி வந்தது, அவள் பெயர் வரவில்லை. விஷயத்தை அக்காவிடம் மட்டும் சொன்னாள். "பயப்படாதடி, உன் போன யாராலயும் திறக்க முடியாது" என்று தைரியம் சொல்லி அனுப்பினார் அக்கா.

சில வாரங்களில் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவளும் நிருபரும் எழுதிக்கொண்ட ஒவ்வொரு வரியையும் விசாரணை அதிகாரி அவள் எதிரிலேயே வாசித்துக் காட்டினார். போன் கைப்பைக்குள் பூட்டியபடியே கிடந்தது. பூட்டு எண்ணைக்கூட யாரும் கேட்கவில்லை. வேலையிலிருந்து இடைநீக்கம் செய்துவிட்டார்கள்.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தாள்.

"நான் நம்பர் போட்டப்ப நீ எங்க நின்ன?"

அக்கா இடத்தைக் காட்டினார். அங்கே சுவரில் கம்பெனியின் பளபளப்பான விளம்பரப் பலகை. கண்ணாடி மாதிரி கடை முழுவதும் அதில் தெரியும். தங்கை போய் அதன் எதிரில் நின்றாள். தனக்குப் பின்னால் நின்ற அக்காவை அதிலேயே பார்த்தாள்.

"இதுல பாத்தியா?"

"ஐயோ, என்னடி கேக்குற?"

"விஷயம் தெரிஞ்சது உனக்கு மட்டும்தான். யாராவது மிரட்டினாங்களா? சொல்லிடுக்கா, கோவிச்சுக்க மாட்டேன்."

இரண்டு சாவியையும் தூக்கிக் கொடுத்தவரைப் பார்த்து இந்தக் கேள்வி. எனக்குக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை யார்மீதாவது எறியலாம் போலிருந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

அது அடுத்த வாரம் மண்டல மேலாளர் வந்தபோது தெரிந்தது. அக்கா அவரை நடுக்கடையில் நிறுத்திவைத்து, பூட்டிக் கிடந்த தங்கை போனில் இருந்தது எப்படி வெளியே போனது என்று கேட்டார்.

"போனை நாங்க திறக்கவே இல்லையே மேடம்" என்றார் அவர் நிதானமாக. "நகல் வேற விஷயம். அது நம்ம சர்வர்ல இருக்கு, அதோட சாவியும் நம்மகிட்டதான் இருக்கு. சட்டப்படி கேட்டா குடுத்துத்தான் ஆகணும்."

"மேடையில முடியாதுன்னு சொன்னீங்களே?"

"பூட்டைச் சொன்னோம்."

"எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டீங்களா? யாரு, எதுக்குன்னு?"

"ஒவ்வொண்ணுக்கும் கோர்ட்டுக்குப் போனா இந்த நாட்டுல வியாபாரம் பண்ண முடியுமா மேடம்?"

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. நிபந்தனையிலயே எல்லாம் இருக்கு. கஸ்டமர்தான் சம்மதம்னு அழுத்துறாங்க."

"அழுத்தினது நான்" என்றார் அக்கா.

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பூட்டு நல்ல பூட்டுதான். வாசலைப் பூட்டிக் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சாமானையெல்லாம் தங்கள் கிடங்கில் அடுக்கிவைத்துக்கொண்ட யோக்கியர்கள். பாவி மனுஷர்கள், அதற்கு இந்த அக்காவையா பிடித்தார்கள்!

அதன்பிறகு அக்கா எத்தனை முறை கூப்பிட்டும் தங்கை போனை எடுக்கவே இல்லை. ஒருநாள் அவளாகவே வந்தாள். அந்த போனை என் மேசைமீது வைத்து, எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாள். அக்கா ஓடிவந்து நின்றபடியே முழுவதையும் சொன்னார். நகல், சர்வர், சம்மதம், எல்லாம்.

"நான் பாக்கலடி. சத்தியமா பாக்கல. ஆனா அத ஆன் பண்ணது நான்தான். அவங்க சொன்னத நம்பிட்டேன்."

அவள் நம்பினாள் என்றுதான் எனக்குப் பட்டது. நம்பியதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

"நீ பாத்திருந்தாக்கூடப் பரவாயில்லக்கா" என்றாள். "உன்னோட போயிருக்கும்."

வரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். அழித்த போன் என் மேசையிலேயே கிடந்தது.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தார். ஒரு பெண் புது போனோடு காத்திருந்தாள். எண் போடும் கட்டம் வந்தது. அக்கா திரும்பவில்லை. அந்தப் பெண் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் பாக்குறீங்களா?"

"என்னை நினைச்சுப் பயப்படாதீங்கம்மா" என்றார் அக்கா, பலகைக்கு முதுகைக் காட்டியபடி. "நான் பாத்தா என்னோட போயிடும்."