அடுத்தவன் கை

அருங்காட்சியகத்தில் அவளுக்குத் தூசி அக்கா என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத ஓர் அறை, மேசை விளக்கு, மெல்லிய தூரிகை, பூதக்கண்ணாடி. பழைய படங்களைத் துடைத்து அட்டையில் செருக வேண்டும். போர்க்காலப் படங்கள்தான் மூட்டை மூட்டையாக வரும். சண்டை ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, இவளுக்குத்தான் ஓயவில்லை!

மற்றவர்கள் சிப்பாயின் முகத்தைப் பார்ப்பார்கள். இவள் முதலில் காலைப் பார்ப்பாள். பூட்ஸ் இரண்டும் ஒரே ஜோடிதானா, இடுப்பில் இருப்பது பெல்ட்டா கயிறா? பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்தால் அந்தச் சட்டைக்கு ஏற்கெனவே வேறு சொந்தக்காரன் இருந்திருக்கிறான். இதைப் பெரிய ஞானம் என்று அவள் நினைக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்த கண் அது, அவ்வளவுதான்.

சரி, வீட்டுக்குப் போனாலாவது நிம்மதி உண்டா? அங்கேயும் சுவரில் ஒரு சிப்பாய். அவள் அண்ணன். போருக்குக் கிளம்பிய அன்று எடுத்த படம், தலையில் இரும்புத் தொப்பி. போனவன் திரும்பவே இல்லை. அதைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள், "எது எப்படியோ, தலைக்கு இரும்புத் தொப்பி இருந்துச்சுடி." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இத்தனை வருஷம் உயிரோடிருக்கிறாள் என்று இவள் நம்பியிருந்தாள்.

ஒருநாள், மூடிவிட்ட ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே, பள்ளிக்கூடச் சுவருக்கு முன்னால் நிற்கும் பையன்கள், படத்துக்கு ஒருவனாக. எல்லார் தலையிலும் இரும்புத் தொப்பி. இடது காதுக்கு மேலே எல்லாத் தொப்பியும் நசுங்கியிருந்தது. தாடைப் பட்டை அறுந்த இடத்தில் பூட்ஸ் நாடாவால் ஒரு முடிச்சு, அதுவும் எல்லாப் படத்திலும். அடப்பாவிகளா! தொப்பி ஒன்றுதான், தலைதான் மாறிக்கொண்டே போகிறது.

அந்த வரிசையில் அண்ணனும் வந்தான். வீட்டில் இருப்பது சட்டத்துக்குள் அடங்குவதற்காக ஓரம் வெட்டிய படம். இது வெட்டாதது. இதன் ஓரத்தில் ஒரு கை நீண்டிருந்தது, தொப்பியை வாங்கிக்கொள்ள அடுத்து நின்றவன் நீட்டிய கை. பெட்டியின் அடியில் கடைசிப் படம், புறப்படும் லாரி. ஏறி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெறுந்தலை.

மேலதிகாரி எல்லாவற்றையும் பெரிதாக்கி வரிசையாக மாட்டச் சொன்னார். சிப்பாய்களின் குடும்பங்களுக்கு அழைப்பும் போய்விட்டது.

"சார், எங்கண்ணன் படத்துல அந்த ஓரத்தை மட்டும் வெட்டிடலாமா? எங்கம்மா தாங்க மாட்டாங்க."

"எப்படிம்மா வெட்டுறது? அந்தக் கைதானே உண்மையச் சொல்லுது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை.

வீட்டில் வேறு வழியாக முயன்று பார்த்தாள். "அம்மா, உனக்கு மூட்டு வலி. அங்க ஏகப்பட்ட படிக்கட்டு."

"தவழ்ந்தாவது வருவேன். எம் புள்ளைய மாட்டியிருக்காங்க, நான் பாக்க வேணாமா?" அந்த மூட்டு வலியோடு ஒற்றைக் காலில் நின்றாள் அம்மா. கடைசியில் ஜெயித்ததும் அவள்தான்.

அருங்காட்சியகக் கூடத்தில் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பையனையும் நின்று பார்த்தாள். ஆள் மாற மாற இவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கென்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். அண்ணன் படத்தின் முன்னால் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பார்வை அந்தக் கையில் போய் நின்றது.

"அப்பல்லாம் தொப்பி எல்லாமே ஒரே மாதிரிதாம்மா செஞ்சாங்க. அந்தக் கை யாரோ சும்மா..."

"விடுடி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"லாரி ஏறும்போது அவனே சொன்னான். படத்துக்கு மட்டும்தாம்மா தொப்பி, உடனே கழட்டிக்கிட்டாங்கன்னு சிரிச்சான்."

"அப்புறம் ஏம்மா இவ்வளவு நாளா அப்படிச் சொன்னே?"

"நீ அப்ப சின்னப் பொண்ணு. அண்ணன் தலையில குண்டு படுமான்னு தூக்கத்துல எழுந்து அழுவே. தொப்பி இருக்குடின்னு சொன்னாத்தான் படுப்பே. சொல்ல ஆரம்பிச்சேன், அப்புறம் எப்ப நிறுத்துறதுன்னு தெரியல." அம்மா மகளின் நரைத்த தலையைத் தடவினாள். "இனிமே சொல்ல வேணாம்ல? எனக்கு அலுத்துப்போச்சுடி."

"வேணாம்மா."

அங்கிருந்த பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணனுக்காக அவர்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.