எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்

உத்திரமேரூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரின் கடையில் பல வருடம் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வராத காலம். முத்திரைத்தாளில் கையால்தான் எழுத வேண்டும். எழுத்தரை ஊரில் ரைட்டர் என்பார்கள். ரைட்டர் வெற்றிலையை மென்றபடி வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். எழுதுவது முழுக்க நான். கடைசியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் லைசென்ஸ் நம்பரும் மட்டும் அவருடையது. லைசென்ஸ் இல்லாதவள் என்ன கேட்க முடியும்?

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று ஊரில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்! என் புருஷன் செத்ததும் அவருடைய அண்ணன் தம்பிகள் எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பங்காகக் கொடுத்தது ஒரு துருப்பிடித்த பீரோ. அதை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

லைசென்ஸ் பரிட்சைக்கு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தேன். நன்னடத்தைச் சான்று கேட்கப் போன இடத்தில், "ஒனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டார். பரிட்சையில் கிரயப் பத்திரம் ஒன்று எழுதச் சொன்னார்கள். மீன் குஞ்சுக்கு நீச்சல் பரிட்சை! பாஸாகி லைசென்ஸும் வந்தது. தனிக்கடை போட வசதியில்லை. ரைட்டரே, "நீ இங்கியே இரும்மா. இனிமே ஒம் பேரையே போட்டுக்க" என்றார். நம்பினேன்.

என் பெயரில் எழுத வேண்டிய முதல் பத்திரம் ஒரு நெல் மண்டி முதலாளிக்கு. காவாந்தண்டலத்தில் நஞ்சை வாங்குகிறார். முத்திரைத்தாளின் மூலைகளில் மஞ்சள் தடவிக் கொடுத்தவர், நான் பேனாவைத் திறந்ததும் தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"இன்னா ரைட்டரே, நீ எழுதலியா? போன தபா நீ எழுதிக் குடுத்த நெலம் இன்னா ராசி தெரியுமா? வாங்கன கையோட பக்கத்துலயே ரோடு வந்துச்சி. ஒன் கைராசிக்கோசரம்தான் திரும்ப வந்துகீறேன். மொத எழுத்தே தாலியறுத்த கையாலயா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "மொதலாளி, அந்தப் பத்திரத்த எழுதனதும் இதே கைதான். வூட்டுக்குப் போயி எடுத்துப் பாருங்க" என்றேன்.

அவர் ரைட்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று அவர் சொல்லியிருக்கலாம்.

"அது சும்மா சொல்லுதுங்க. நான்தான் எழுதனேன்" என்றார் ரைட்டர், என் முகத்தைப் பார்க்காமலே.

சொன்ன வாய்க்காக அவரே உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதற்கும் பேனா பிடித்து வருடக்கணக்கானவர். நான்கெல்லை எழுதும் இடத்துக்கு வந்ததும் கிழக்கு எது, மேற்கு எது என்று புரியாமல் வியர்த்தார். ராகுகாலம் நெருங்குகிறது என்று முதலாளி முனக ஆரம்பித்தார். ரைட்டர் என் பக்கம் குனிந்தார். "நீயே எழுதிடும்மா. கையெழுத்து நான் போட்டுக்கறேன். பசங்கள நெனச்சிப் பாரு. எனக்கு ஒன்ன வுட்டா யாரு கீறாங்க?"

பிள்ளைகளை நினைத்துத்தானே அத்தனை வருடம் குனிந்து கிடந்தேன். அவர்களுக்காகத்தானே படித்து லைசென்ஸ் வாங்கினேன். பேனாவை மூடி, லைசென்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். தெருவுக்கே கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்:

"ஐயோ, வேணாங்க! தாலியறுத்த கை. நான் தொட்டா மொதலாளிக்கு நெலம் வெளங்காது!"

உறைக்கும் என்று நினைத்தேன். முதலாளி நிம்மதியாகத் தலையை ஆட்டினார்.

"பாத்தியா ரைட்டரே, அந்தம்மாவுக்கே தெரியுது."