இரண்டடி பின்னால்

லபீப் கிர்கிஸ் கெய்ரோ வானொலியில் எங்கள் இசைக்குழுவுக்கு இருபத்திரண்டு வருடம் மைக் வைத்தவர். நான் அதில் இரண்டாம் வரிசை வயலின். வயலின்களுக்கு நான்கு, கானூன் என்ற தந்தி வாத்தியத்துக்கு ஒன்று, நாணல் குழலுக்கு ஒன்று என்று மொத்தம் பதினொரு மைக் வைப்பார்.

பெர்லினில் ஒலிப்பதிவு படித்துவிட்டு நஸ்மி வந்தான். பதினொன்றையும் எடுக்கச் சொன்னான். குழுத்தலைவர் ஜலாலின் முதுகுக்குப் பின்னால் உயரமாக ஒரே ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, அதில் இரண்டு மைக் மாட்டினான்.

"மத்ததெல்லாம் என்ன தம்பி, கல்யாணத்துக்குப் போயிருக்கா?" என்றார் லபீப்.

"இந்தக் கூடமே எல்லாச் சத்தத்தையும் கலந்து குடுத்துடும் உஸ்தாத். நாம குறுக்க நிக்காம இருந்தாப் போதும்."

வாசித்து முடித்துப் பதிவைப் போட்டுக் கேட்டபோது ஜலால் கண்ணை மூடிக்கொண்டார். லபீபின் வேலைக்கு அவர் ஒருநாளும் கண் மூடியதில்லை.

"குழல் மட்டும் அமுங்குது. சாப்பிட்டு வந்து பார்ப்போம்" என்றார் ஜலால்.

வில்லுக்குப் பூசும் பிசினை எடுக்க நான் பாதியில் திரும்பி வந்தேன். லபீப் ஸ்டாண்டைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"கால் பட்டுச்சு" என்றார்.

"கால் பட்டா இவ்வளவு நேராவா நகரும்?"

"நீ போய் ஃபூல் மசியல் சாப்பிடு. ஆறிடும்."

நான் பிசினை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுபடி வாசித்தோம், கேட்டோம். முன்வரிசை வயலின்களின் ஆதிக்கம் அடங்கியிருந்தது. கடைசி வரிசையிலிருந்து குழல் தெளிவாக எழுந்து வந்தது. ஜலால் எழுந்து நஸ்மியின் நெற்றியில் முத்தமிட்டார்.

"என்னடா பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

அதை எல்லோரும் அடக்கம் என்று நினைத்தார்கள். லபீபின் முகம் கறுத்தது. மாட்டிக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் கைவேலைக்கு அவன் முத்தம் வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் நகர்த்தினேன். ரெண்டடி."

"எதுக்கு?"

குழலுக்காக என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"கெட்டுப் போகட்டும்னு."

தப்லாக்காரர் சிரித்துவிட்டார். நஸ்மி சிரிக்கவில்லை. ஸ்டாண்டின் கால்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டான்.

"இங்கேயே இருக்கட்டும் உஸ்தாத்."

மறுவாரம் லபீபைச் செய்திப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே வாசிப்பவர் ஒருவர், மைக் ஒன்று.

இசைத்தட்டு வெளிவந்ததும் ஒன்றை அவரிடம் கொண்டுபோனேன். உறையில் நஸ்மியின் பெயர் மட்டும் இருந்தது. விரலை வைத்து அதை இரண்டு தடவை படித்தார்.

"குழல் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"அவன் வெச்ச எடத்துல இருந்திருந்தா கேட்டிருக்காது" என்று சொல்லி, தட்டைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.