படகுக்காரியைக் காணவில்லை

போன ஞாயிறு திருச்செங்கோட்டில் நண்பர் மோகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிறவர். வேலை இல்லாத நாட்களில் அவரும் மனைவி சுதாவும் கம்ப்யூட்டரில் ரோல் பிளேயிங் கேம், அதாவது கதைக்குள் நாமும் ஓர் ஆளாக நடமாடும் ஆட்டம், ஆடுவார்கள். அன்றைக்கு ஆட்டம் இல்லை... சண்டை!

ஒரே கேமின் மூன்றாம் பாகம் மோகனுக்கு உயிர். புதிதாக வந்த நான்காம் பாகம் சுதாவுக்குப் பிடித்துவிட்டது.

“நாலுல என்னம்மா இருக்குது? மூணுல வர்ற படகுக்காரி கதை மாதிரி ஒண்ணு காட்டு பாக்கலாம்!”

மகன் எந்தப் படையில் சேர்ந்தான் என்று தெரியாததால், எதிரெதிரான இரண்டு படைகளையுமே அக்கரை சேர்க்கிறாளாம் அந்தப் படகுக்காரி.

“ஏனுங்க, அவ கம்பெனி போட்ட ஆளே இல்லீங்க. மாடுல வந்தவ” என்றார் சுதா.

கறக்கிற மாடு இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே புது ஊர், புது ஆள், புதுக் கதை செய்து கேமில் சேர்ப்பதற்கு ‘மாட்’ என்று பெயர்.

மோகன் நம்பவில்லை. “எல்லா மாடையும் தூக்கிப்போட்டுக் காட்டறேன் பாரு” என்று மவுஸைப் பிடித்தார். சுதா பதறிப்போய்த் தடுத்தார்.

“வேண்டாமுங்க! இத்தன வருசமா சேவ் பண்ணி வெச்சதெல்லாம் ஓடாமப் போயிருமுங்க. என்ற லேப்டாப்புல புதுசாப் போட்டுப் பாருங்க.”

போட்டார். கம்பெனி விற்றபடியே, மாட் எதுவும் இல்லாமல்.

மழை மழையாகவே இல்லை. ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு ஒரே முகம். ஒருவழியாக ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆறு இருந்தது. படகு இல்லை. கரையோரமாக மேலும் கீழும் நடந்தார்... ரொம்ப நேரம் நடந்தார்.

“காணோமுங்ணா” என்றார் என்னிடம். வேண்டியவர் யாரோ தவறிப்போன மாதிரி.

யோசித்துப் பாருங்கள் — எதை எதோடு ஒப்பிடுகிறோம்? முகம் தெரியாத எத்தனையோ பேர் வருடக்கணக்கில் இழைத்து இழைத்துச் சரிசெய்த பழசை, நேற்று வந்த புதுசோடு! கேமில் மட்டுமா? மூத்த மருமகளையும் புது மருமகளையும் ஒப்பிடுகிற வீடுகள் எத்தனை!

படகுக்காரியை எழுதியவர் யார் என்று இணையத்தில் தேடிப் பிடித்து, சுதா உதவியோடு ஆங்கிலத்தில் நன்றி எழுதிப் போட்டார் மோகன். இன்று காலை போன் செய்தார். பதில் வந்துவிட்டதாம்.

“அவரு இப்ப நாலாம் பாகத்துக்கு ஒரு கதை எழுதிட்டு இருக்காருங்ணா!”

“அப்போ எது பெருசு, மூணா நாலா? தீர்ப்பு சொல்லுங்க” என்றேன்.

“நாலு இன்னும் வளர்ற புள்ளைங்ணா. இப்பவே என்னத்தச் சொல்றது?”

பின்னாலிருந்து சுதாவின் குரல்: “அதுவரைக்கும் என்ற கேமைக் குறை சொல்ல வேண்டாம்னு சொல்லுங்கண்ணா!”