கிளட்ச் இல்லாத வண்டியும் என் இடது காலும்

சென்ற வருடம் மாங்காய்ப் பருவத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு மாந்தோப்பு இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து என் பழைய ஜீப்பில் கிளம்பினேன். பின்னால் தன் புது வண்டியில் என் கொழுந்தியாள் வந்தாள். கால்நடை டாக்டர். அடிவாரக் கிராமங்களுக்கெல்லாம் போய் வருபவள் என்பதால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தாள். ஆனால், ஆட்டோமேட்டிக்!

இருபது வருடம் ஜீப் ஓட்டியவன் சும்மா இருப்பேனா? "கியர் போடத் தெரியாதவங்களுக்குன்னே கண்டுபிடிச்ச வண்டி. ரோட்டுல ஓடும், ஓடைக்குள்ள படுத்துரும்" என்று வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டேன். அவளும் விடுகிற ஆள் இல்லை. "அத்தான், நீங்க ஜீப்பக் கெளப்புறதுக்குள்ள நான் தோப்புக்குப் போயி மாங்காயே தின்னுருவேன்" என்றாள். கொழுந்தியாளிடம் வாயில் ஜெயித்த அத்தான் எங்கள் பக்கம் யாரும் கிடையாது.

தோப்புக்கு முன்னால் ஒரு மணல் ஓடை. இரண்டு வண்டியுமே சுலபமாகக் கடந்தன. அவள் கடந்ததை மட்டும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவைத்தேன்.

பத்து மணி வாக்கில் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. உச்சிக் கிளையில் இருந்த கடந்தைக் குளவிக் கூட்டை, மரத்தில் ஏறியிருந்த பறிப்புக்காரர் கவனிக்கவில்லை. தொரட்டிக் கம்பு பட்டுக் கூடு கலைந்தது. அவர் இறங்கி ஓடி வருவதற்குள் தலையிலும் கழுத்திலும் கொட்டித் தீர்த்துவிட்டன. முகம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"செத்த நேரங்கூட தாமதிக்கக் கூடாது. என் வண்டில ஏத்துங்க" என்றாள் கொழுந்தியாள்.

"இந்நேரம் வெயில்ல மணல் எளகியிருக்கும். ஒன் வண்டிய நம்ப முடியாது" என்று அதட்டிவிட்டு, அவரை ஜீப்பில் ஏற்றிக் கிளம்பினேன்.

ஓடையின் நடுவில், அவசரப்பட்டு செகண்ட் கியருக்கு மாற்றினேன். அந்த ஒரு நொடியில் வேகம் செத்து, சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. பதற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஆக்சிலேட்டரைப் போட்டு அழுத்தினேன். கிளட்ச் கருகிய வாடை வந்தது. அதன் பிறகு எந்தக் கியர் போட்டாலும் எஞ்சின் இரைந்ததே தவிர, ஜீப் அசையவில்லை. பத்து நிமிடம் வீணாகப் போனது. பக்கத்தில் அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

தோப்பிலிருந்த மற்றவர்களைக் குளவிக்கு எட்டாமல் ஒதுக்கிவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்த கொழுந்தியாள் என்னைத் திட்டவில்லை. "அவியளக் கூட்டிட்டு வந்து பின்னால ஏறுங்க அத்தான்" என்றாள். கைத்தாங்கலாக அவரை ஏற்றி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கியர் லிவரை இழுவைக்கான லோ-வில் போட்டு, மணல் கெட்டியாக இருந்த ஓரமாகப் பார்த்து, ஒரே சீராக ஓட்டினாள். வண்டி முனகிக்கொண்டே அக்கரை ஏறிவிட்டது.

அடுத்து கல்லும் குழியுமாக ஒரு இறக்கம். பயத்தில் என் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது.

"மொதலாளி, எங்கால மிதிக்காதீங்க. அதயாச்சும் விட்டுவைங்க" என்றார் அவர், வீங்கிய உதட்டோடு. கொழுந்தியாள் குபீரென்று சிரித்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். சாயங்காலம் பறிப்புக்காரர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"என் வீம்புக்கு ஒங்கள இழுத்துட்டுப் போயிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

"விடுங்க மொதலாளி. இனிமே டாக்டரம்மா வண்டிலதான் ஏறுவேன்" என்றார்.

கிளட்ச் மாற்றி ஜீப் இப்போதும் ஓடுகிறது. மலைப்பாதைக்கு எந்த வண்டி நல்லது என்று யாராவது கேட்டால் இரண்டின் நிறைகுறையையும் பொறுமையாகச் சொல்கிறேன். ஆனால் நான் ஜெயிப்பதற்காக ஒரு மனிதரைப் பத்து நிமிடம் மூச்சுக்குத் தவிக்க விட்டேனே, அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.